விடைக்குறிப்பு யார் கையில்?

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உலகெங்குமுள்ள புரத ஆய்வாளர்கள் ஒரு தேர்வு எழுதுகிறார்கள். ‘காஸ்ப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தத் தேர்வை 1994இல் ஜான் மோல்ட் என்ற அறிஞர் சகாக்களோடு சேர்ந்து தொடங்கினார். ஆய்வகத்தில் வடிவம் கண்டறியப்பட்டு, இன்னும் அச்சேறாத புரதங்களின் அமினோ அமில வரிசை மட்டும் போட்டியாளர்களுக்குத் தரப்படும். அந்த வரிசை சுருண்டு மடிந்து எந்த முப்பரிமாண வடிவத்தை எடுக்கும் என்று அவர்கள் கணித்து அனுப்ப வேண்டும். உண்மையான வடிவம் அமைப்பாளர்களிடம் பத்திரமாக இருக்கும். எந்த விடை எந்தக் குழுவினுடையது என்பது திருத்துகிறவர்களுக்குத் தெரியாது. நம் பொதுத்தேர்வுகளுக்கு இருக்கும் அதே ஒழுங்கு.

2020 நவம்பர் இறுதியில் வந்த பதினான்காவது தேர்வின் முடிவில், டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு 100க்கு 92.4 என்ற இடைநிலை மதிப்பெண் பெற்றிருந்தது. 90ஐ ஒட்டி வந்தாலே ஆய்வக அளவீட்டுக்கு நிகர் என்று கருதப்படும் தேர்வு அது. அரை நூற்றாண்டாக உயிரியலைத் திணறடித்த ஒரு கேள்விக்குக் கணினி நிரல் ஒன்று விடை எழுதிவிட்டது. 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. மறு பாதி, இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

பெருந்தரவு, இயந்திரக் கற்றல் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வெற்றியைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். புரதத்தில் முடிந்தது மருத்துவமனையில் முடியாதா, வரலாற்றில் முடியாதா, இலக்கியத்தில் முடியாதா என்று கேட்கிறார்கள். சில இடங்களில் முடிந்திருக்கிறது. சில இடங்களில் மானம் போயிருக்கிறது. இரண்டு வகையிலும் கையாண்ட கணிதம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. தரவு மலையளவு இருந்தும் தோற்றவை உண்டு. கைப்பிடி அளவே இருந்தும் வென்றவை உண்டு. நான் படித்தவரை வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது: இயந்திரத்துக்கு வெளியே, அதற்குக் கட்டுப்படாத விடைக்குறிப்பு ஒன்று இருந்ததா, அதை வைத்துத் திருத்தியவர் யார் என்பதில்.

புரதத்தின் விடைக்குறிப்பு எப்படி உருவானது என்று பார்த்தால் இது விளங்கும். மாக்ஸ் பெருட்ஸ் 1930களின் பிற்பாதியில் ஹீமோகுளோபினை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். அதன் வடிவம் கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. புரதத்தைப் படிகமாக்கி, கதிரைச் செலுத்தி, சிதறி விழுந்த புள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான அணுக்களின் இடத்தைக் கணக்கிடுவது ஒரு முனைவர் பட்டக் காலத்தையே விழுங்கக்கூடிய வேலை. இப்படிக் கிடைத்த வடிவங்களை ஓரிடத்தில் சேர்த்துவைக்க 1971இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே வடிவங்கள். வடிவத்தைக் கண்டவர்கள் அதை வங்கியில் போடாமல் தங்கள் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்ட காலமும் உண்டு. 1980களின் இறுதியில் ஆய்வாளர்கள் சிலரே கையெழுத்து வாங்கி, கடிதம் எழுதி, இதழ்களை நச்சரித்து, கட்டுரை வெளியாக வேண்டுமானால் தரவை வங்கியில் சேர்த்தாக வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது அந்த வங்கியிலிருந்த சுமார் 1,70,000 வடிவங்களிலிருந்து. டீப்மைண்டின் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் உட்கார்ந்த பந்தியில் சமைத்து வைத்திருந்தவர்கள் பொதுப்பணத்தில் வேலை செய்த படிகவியலாளர்கள்.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணங்களில் முறுக்கிக்கொள்ள இயலும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு படம் வரைந்தார்கள். புதிய வடிவம் ஒன்று ஆய்வகத்திலிருந்து வந்தாலும் சரி, கணினியிலிருந்து வந்தாலும் சரி, இன்றைக்கும் அதை ராமச்சந்திரன் படத்தில் பொருத்திப் பார்ப்பார்கள். தடைப்பட்ட பகுதியில் புள்ளிகள் அதிகம் விழுந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். இயந்திரத்தைக் கேள்வி கேட்க இயற்பியலிலிருந்து வந்த கருவி அது.

2022 ஜூலையில் ஆல்ஃபாஃபோல்டு கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் இலவசமாக இணையத்தில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு வடிவத்திலும், எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண்ணும் கூடவே இருக்கிறது. நிலையான வடிவமே எடுக்காமல் தளர்ந்து கிடக்கும் பகுதிகளில் மதிப்பெண் சரிந்துவிடும். ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் புரதம் என்னாகும், மருந்து மூலக்கூறு வந்து ஒட்டும்போது எப்படி அசையும் என்பதற்கெல்லாம் அந்தப் படங்களில் நேரடி விடை இல்லை. ‘எல்லா நோய்க்கும் மருந்து வந்துவிட்டது’ என்ற ரீதியில் தலைப்பிட்ட நாளிதழ்கள் இந்த மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை.

வெளியே ஒரு விடைக்குறிப்பை வைத்துத் திருத்தும் இதே ஒழுங்கைச் சிறிய அளவில் செய்து காட்டியது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஒரு குழு. அவர்கள் 2,335 மூலக்கூறுகளை ஈ-கோலை பாக்டீரியாவின் மேல் சோதித்து, எது அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது என்ற விவரத்தை மட்டும் நிரலுக்குக் கற்பித்தார்கள். பின்னர் வேறு நோய்களுக்காக ஆராயப்பட்டுவந்த சுமார் 6,000 மூலக்கூறுகளை அதன் முன் வைத்தார்கள். நீரிழிவுக்காக ஒரு காலத்தில் ஆராய்ந்து கைவிடப்பட்ட ஒரு பொருளை நிரல் சுட்டிக்காட்டியது. அதற்கு ஹாலிசின் என்று பெயர் வைத்து 2020இல் வெளியிட்டார்கள். எலிகளில், பல மருந்துகளுக்கும் அடங்காத ஒரு கிருமியை அது அடக்கியது. 2,335 என்பது பெருந்தரவே அல்ல. ஆனால் நிரல் சொன்னது சரியா தவறா என்பதை மறுநாளே தட்டில் கிருமியை வளர்த்துப் பார்த்துவிட முடியும்.

இனி மானம் போன கதை. 2008இல் கூகுள் நிறுவனம் ஃப்ளூ காய்ச்சலின் பரவலைத் தேடல் சொற்களை வைத்தே கணிக்கும் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பழைய புள்ளிவிவரங்களோடு ஐந்து கோடித் தேடல் தொடர்களை ஒப்பிட்டு, நன்றாகப் பொருந்திய 45ஐத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அரசின் அறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். கூகுளுக்கு ஒரு நாள் போதும். கேட்கவே மயக்கமாக இருந்தது. ஐந்து கோடித் தொடர்களை 1,152 அளவீடுகளோடு பொருத்தினால் ஏதேனும் சில தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் போட்டிகளும் ஃப்ளூவும் ஒரே பருவத்தில் வருவதால், கூடைப்பந்து பற்றிய தேடல்களும் பட்டியலுக்குள் வந்து எட்டிப்பார்த்தன. அவற்றைக் கையால் களைய வேண்டியிருந்தது.

2009இல் பன்றிக் காய்ச்சல் பருவம் தவறி வந்தபோது அந்தச் சேவை அதைத் தவறவிட்டது. பிறகு திருத்தினார்கள். 2011 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் 108 வாரங்களில் 100 வாரம் மிகைப்படுத்திச் சொன்னது. 2012–13 பருவத்தின் உச்சத்தில் அதன் கணிப்பு அரசுக் கணக்கைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. டேவிட் லேசரும் மற்றவர்களும் 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதைப் பிரித்துப்போட்டுக் காட்டியது: இரண்டு வாரம் பழைய அரசுப் புள்ளிவிவரத்தை அப்படியே நீட்டிப் பார்த்திருந்தால்கூட இதைவிட நெருக்கமாக வந்திருக்கும். 2015இல் கூகுள் கணிப்புகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. மக்கள் தேடுவது நோயினால் மட்டும் நடப்பதில்லை. தொலைக்காட்சி பயமுறுத்தினாலும் தேடுவார்கள். தேடுபொறியே தன் பரிந்துரைகளால் தேடவும் வைக்கும்.

இதையாவது தோற்றுப்போன கணிப்பு என்று ஒதுக்கிவிடலாம். கணிப்பு மிகச் சரியாக இருந்தும் தீங்கு செய்த கதைதான் என்னை அதிகம் உறுத்துவது. அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தனித் திட்டத்தில் சேர்க்க ஒரு நிரல் பரவலாகப் பயன்பட்டுவந்தது. ஸியாத் ஓபர்மேயர், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேடுகளை வைத்து அதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்டால், கறுப்பினத்தவர் கூடுதலாக நோயுற்றிருந்தார்கள். அதாவது அதே கவனிப்பைப் பெற அவர்கள் இன்னும் மோசமான நிலைக்குப் போக வேண்டியிருந்தது. இந்தச் சாய்வை நீக்கினால், தானாகவே திட்டத்துக்குத் தேர்வாகிறவர்களில் அவர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும்.

நிரலுக்கு நோயாளியின் இனம் சொல்லப்படவே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தச் சாய்வு? நோயின் கடுமைக்கு எளிதில் கிடைக்கும் எண் எதுவும் இல்லாததால், அடுத்த ஆண்டு இவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கணிக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். செலவை அது சரியாகவே கணித்தது. ஆனால் காப்பீடு, தொலைவு, மருத்துவர்மேல் அவநம்பிக்கை என்று பல காரணங்களால், ஒரே அளவு நோய்க்குக் கறுப்பினத்தவர்மேல் ஆகும் செலவு குறைவு. அவர்களுக்கு மறுக்கப்பட்ட மருத்துவம் ‘தேவையில்லாத மருத்துவம்’ என்று கணக்கில் ஏறிவிட்டது. தவறான விடைக்குறிப்பைப் பிசகாமல் மனப்பாடம் செய்த மாணவன் அந்த நிரல். ஆய்வாளர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தோடே உட்கார்ந்து, செலவை மட்டும் கணிக்காமல் நோய்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணிக்கும்படி மாற்றிப் பார்த்தார்கள்; சாய்வு 84 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் காப்பீட்டுக் கோரிக்கைகளை வைத்து எந்த மாவட்டத்தில் என்ன நோய் என்று கணக்குப்போடப் புறப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தொடங்கினால் நல்லது. கோரிக்கை வராத ஊரில் நோய் இல்லை என்பதில்லை. மருத்துவமனை இல்லாமலும் இருக்கலாம்.

கண் மருத்துவத்தில் நடந்தது இன்னும் நுணுக்கமானது, நமக்கு நெருக்கமானதும்கூட. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு விழித்திரை பழுதாகி, வலியே இல்லாமல் பார்வை போகும். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தால் காப்பாற்றிவிடலாம். பார்ப்பதற்கு ஆள்தான் இல்லை. 2016 இறுதியில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, மருத்துவருக்கு இணையாகப் படத்தைப் படிக்கும் நிரல் ஒன்றைக் காட்டியது. பயிற்சிக்குப் பயன்பட்ட 1,28,175 படங்கள் அமெரிக்காவிலிருந்தும் மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை: மதுரையில் தொடங்கிய அரவிந்த், சென்னையின் சங்கர நேத்ராலயா, பெங்களூரின் நாராயண நேத்ராலயா. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு மருத்துவர்கள் பார்த்துத் தரம்பிரித்தார்கள். மொத்தம் 54 மருத்துவர்கள்.

ஏன் அத்தனை பேர்? ஒரே படத்தைப் பார்த்து இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது சாதாரணம். விழித்திரைக்கு ராமச்சந்திரன் படம் கிடையாது. பலரின் கண்ணை ஒன்றுசேர்த்துத்தான் விடைக்குறிப்பைத் தயாரிக்க வேண்டியிருந்தது. பின்னர் விழித்திரை வல்லுநர்கள் கூடிப் பேசி ஒருமித்துச் சொன்ன முடிவுகளைச் சேர்த்தபோது நிரல் மேலும் தேறியது. அதோடு நிற்காமல், அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் வந்த 3,049 நீரிழிவு நோயாளிகளிடம் அதை நேரடியாகச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். அங்கேயும் கைதேர்ந்தவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது.

இதே நிரல் தாய்லாந்துக்குப் போனது. பத்தும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மருத்துவ நிலையங்கள். படமெடுப்பவர்கள் செவிலியர்கள். முன்பு படத்தை மருத்துவருக்கு அனுப்பிவிட்டு முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். இனி உடனே தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் ‘தெளிவில்லை’ என்று நிரல் திருப்பியனுப்பியது. நல்ல வெளிச்சத்தில், நல்ல கருவியில் எடுத்த படங்களில் பழகிய நிரல் அது. அந்த நிலையங்களிலோ தனி இருட்டறை எல்லா இடத்திலும் இல்லை. இணையமும் அடிக்கடி தவழ்ந்தது. படம் திரும்பி வந்தவர்கள் வேறொரு நாள், வேறொரு ஊர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைய கூலி போகும். அலைக்கழிய வேண்டியிருக்கும் என்று சொல்லி, சில செவிலியர்களே நோயாளிகளை இதில் சேர வேண்டாம் என்றார்கள். எமா பீடும் அவரது குழுவினரும் இதை மறைக்காமல் 2020இல் எழுதினார்கள். அவர்களும் கூகுளின் ஊழியர்களே என்பதைப் பாராட்டாகத்தான் குறிப்பிடுகிறேன். நிரலின் துல்லியம் குறையவில்லை. துல்லியத்தை அளந்த கூடமும் நோயாளி உட்கார்ந்த கூடமும் வேறுவேறு.

கோவிட் காலத்தில் இந்தப் பொறுமையும் காணாமல்போனது. நெஞ்சுப் படத்தைப் பார்த்தே கோவிட்டைச் சொல்லிவிடும் என்று வந்த நிரல்களுக்கு அளவில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஒரு குழு 2020இன் ஒன்பதே மாதங்களில் வெளியான 2,212 கட்டுரைகளைச் சலித்து, தேறிய 62ஐ நுணுகிப் படித்தது. நோயாளிக்குப் பயன்படுத்தத் தக்கது அவற்றில் ஒன்றுகூட இல்லை என்பது 2021இல் அவர்கள் தந்த தீர்ப்பு. கோவிட் உள்ளவர்களின் படங்களுக்குப் பெரியவர்கள், கோவிட் இல்லாத படங்களுக்குச் சின்னக் குழந்தைகள் என்று சிலர் தரவைச் சேர்த்திருந்தார்கள். அந்த நிரல்கள் குழந்தையையும் பெரியவரையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டு, அதற்குக் கோவிட் என்று பெயர் வைத்திருக்கக்கூடும்.

பண்பாட்டுத் துறைகளில் தரவு குறைவு, பணம் குறைவு. ஆனாலும் அண்மைக் காலத்தில் நான் பார்த்த மிக ஒழுங்கான வேலை அங்கிருந்துதான் வந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரத்தில் ஒரு மாளிகையின் நூலகமே வெந்து கரியானது. 18ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த அந்தப் பாப்பிரஸ் சுருள்கள் தொட்டால் உதிரும். பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் நூற்றுக்கணக்கானவற்றைப் பாழாக்கினார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ப்ரென்ட் சீல்ஸ், பிரிக்காமலேயே எக்ஸ் கதிரில் படமெடுத்து, உள்ளே சுருண்டிருக்கும் ஏட்டைக் கணினியில் விரித்துப் படிக்க இருபது ஆண்டாக முயன்றுவந்தார். இஸ்ரேலின் என்-கெதியில் கிடைத்த கருகிய தோற்சுருளை அப்படிப் படித்தும் காட்டினார். ஹெர்குலேனியத்தில் சிக்கல் வேறு: கரிக்கட்டையான ஏட்டின்மேல் கரியால் செய்த மை. எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஒன்றே.

2023 மார்ச்சில் சீல்ஸும் நாட் ஃப்ரீட்மன், டேனியல் கிராஸ் ஆகிய தொழில்முனைவோரும் சேர்ந்து படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டு, பரிசு அறிவித்தார்கள். கேசி ஹேண்ட்மர் என்பவர் விரித்த படங்களை மணிக்கணக்கில் வெறும் கண்ணால் உற்றுப் பார்த்து, மை இருந்த இடத்தில் காய்ந்த சேறுபோல் நுண்ணிய வெடிப்பு இருப்பதைக் கண்டார். 21 வயது மாணவர் லூக் ஃபாரிட்டர் அந்த வெடிப்பை நிரலுக்குக் கற்பித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஒரு சொல் தெரிந்தது: ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஏறக்குறைய அதே இடத்தை யூசுஃப் நாதர் என்ற ஆய்வு மாணவர் வேறு வழியில் தனியாகப் படித்திருந்தார். 2024 பிப்ரவரியில் இவ்விருவரும் ஜூலியன் ஷிலிகரும் 7,00,000 டாலர் பெரும்பரிசை வென்றார்கள். பதினைந்து பத்திகள், 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். அந்தச் சுருளில் ஏறக்குறைய 5 சதவீதம். இன்பத்தைப் பற்றி எபிகூரஸ் மரபினர் ஒருவர் எழுதிய தத்துவ நூல்.

இதில் என்னைக் கவர்ந்தது பரிசுத் தொகையல்ல, அமைப்பாளர்களின் சந்தேகப் புத்தி. கிரேக்கம் தெரிந்த நிரல், இல்லாத எழுத்தையும் இருப்பதாகக் கற்பனை செய்துவிடும். ஆகவே மையைத் தேடிய நிரல்களுக்குக் கிரேக்கம் கற்பிக்கப்படவில்லை. ஒரு முழு எழுத்தின் வடிவத்தையே காண முடியாத அளவுக்குச் சிறிய துண்டுகளாகத்தான் அவை ஏட்டைப் பார்த்தன. மை உண்டா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. மைப் புள்ளிகள் கூடி எழுத்தாகவும், எழுத்துகள் கூடிப் பொருளுள்ள கிரேக்க வாக்கியமாகவும் அமைந்ததே முதல் சோதனை. பாப்பிரஸ் அறிஞர்கள் தனித்தனியே படித்து ஒப்பிட்டது அடுத்தது. வெவ்வேறு குழுக்களின் முடிவுகள் ஒத்துப்போனது மூன்றாவது.

கிரேக்கக் கல்வெட்டுகளில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். சிதைந்த வரிகளை நிரப்பும் ‘இத்தாக்கா’ என்ற நிரலை யானிஸ் அசாயெல், தீயா சோமர்ஷீல்டு ஆகியோரின் குழு 2022இல் வெளியிட்டது. முழுதாக இருக்கும் கல்வெட்டுகளில் சில எழுத்துகளை மறைத்துவிட்டு நிரப்பச் சொன்னார்கள். விடைக்குறிப்பு கல்லிலேயே இருந்தது. வரலாற்றாசிரியர்கள் தாமாக நிரப்பியதில் 25 சதவீதம் சரி. நிரல் தனியாக 62. நிரலின் பரிந்துரைகளை வைத்துக்கொண்டு அதே வரலாற்றாசிரியர்கள் செய்தபோது 72. பல தலைமுறை அறிஞர்கள் படித்துப் பதிப்பித்து, பின்னர் கணினியில் ஏற்றியிருந்த சுமார் 78,000 கல்வெட்டுகள் இல்லாமல் இது நடந்திராது.

இதற்கு எதிர்த்திசையில், ஐம்பது லட்சம் நூல்களை எண்ணி மனிதப் பண்பாட்டை அளக்கிறோம் என்று 2010இல் கிளம்பிய கூகுள் நூல்கள் ஆய்வு. ஒரே ஒரு பிரதி விற்ற நூலும் நாடே படித்த நூலும் அதில் ஒன்று ஒன்றுதான். 20ஆம் நூற்றாண்டு போகப்போக அறிவியல் இதழ்களும் கல்லூரி வெளியீடுகளும் குவிந்ததால், சொற்களின் ஏற்ற இறக்கம் சமூகத்தைக் காட்டுகிறதா நூலகங்களின் கொள்முதலைக் காட்டுகிறதா என்று 2015இல் வந்த ஒரு மறுஆய்வு கேட்டது. விளையாடிப் பார்க்க நல்ல கருவி. சான்றாக நிறுத்தத் தயங்குவேன்.

விடைக்குறிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் தமிழில் இக்கட்டுரையை முடிக்க முடியாது. சிந்துவெளி எழுத்துகளைக் கணினியில் ஏற்றி ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொடரடைவு இன்றைக்கும் அத்துறையின் அடித்தளம். அவர் கணக்கில் குறியீடுகள் 417. வேறு ஆய்வாளர்கள் 400க்குக் கீழேயும் சொல்கிறார்கள், 600க்கு மேலேயும் சொல்கிறார்கள். முத்திரை ஒன்றில் சராசரியாக ஐந்து குறியீடுகள். இரு மொழிச் சாசனம் எதுவும் கிடைக்கவில்லை. 2009இல் ராஜேஷ் ராவ், மகாதேவன் உள்ளிட்டோர், ஒரு குறியீட்டுக்குப் பின் எது வரும் என்பதன் ஒழுங்கை அளந்து, அது மொழிகளுக்கு உரிய அளவில் இருக்கிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்த அளவீடு மொழியல்லாத குறிகளுக்கும் பொருந்தக்கூடும் என்று ரிச்சர்ட் ஸ்ப்ரோட் மறுத்தார். 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், இவ்வெழுத்தைப் படித்துக் காட்டுகிறவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தவறாக இருந்தால் அது எப்படித் தெரியவரும்? நிரலுக்கு எந்த மொழியைக் கற்பித்தாலும் அந்த மொழியில் ஒரு வாசிப்பைத் தரும். புதிதாக ஓர் இருமொழிச் சாசனமோ நீண்ட வாசகமோ கிடைக்கும் வரை இங்கே இயந்திரத்தைவிட மண்வெட்டிக்கே வேலை அதிகம்.

சோழர் கல்வெட்டுகளின் நிலை வேறு. அவற்றைப் படிக்க முடியும், படித்தும் இருக்கிறார்கள். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் கணினியின் உதவியோடு தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் மதுரையில் வெளியானது. பெயரோடு ஒட்டிவரும் ‘உடையான்’ போன்ற பட்டங்கள் எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில் பெருகின என்று எண்ணி, பிற்காலச் சோழர் காலத்தில் தனியார் நிலவுடைமை வளர்ந்த கதையை அவர்கள் சொன்னார்கள். பெருந்தரவு என்ற பேச்சே எழாத காலம் அது. இன்று இருக்கும் கருவிகளால் அந்த வேலையைப் பல மடங்கு விரித்துச் செய்யலாம். இத்தாக்காபோல் சிதைந்த வரிகளுக்கு யோசனை கேட்கலாம். எழுத்தமைதியை வைத்துக் காலத்தைச் சோதிக்கலாம்.

தடையாக இருப்பது கணினி அல்ல. 1880களிலிருந்து படியெடுத்த தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதியின் முழு வாசகம் இன்னும் அச்சாகவில்லை. ஆண்டறிக்கைகளில் சில வரிச் சுருக்கமாக மட்டுமே கிடக்கிறது. அந்தக் கல்வெட்டுகளைத் தாளில் ஒற்றியெடுத்த மைப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. இடம் மாற்றுவதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு படியின் தெளிவான ஒளிப்படம், கல்வெட்டு அறிஞர் படித்த முழு வாசகம், ஐயமுள்ள எழுத்துக்கு ஐயக்குறி, கிடைத்த இடம், காலம் ஆகிய அனைத்தையும் யாரும் தரவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைக்க வேண்டும். புரத ஆய்வாளர்கள் 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கினார்கள். மத்தியத் தொல்லியல் துறையும் தமிழகத் தொல்லியல் துறையும் பல்லாயிரம் கல்வெட்டுகளோடு தொடங்கலாம். கல்வெட்டைப் பிழையின்றிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.